வயதின் மேல் பழி போடாதீர்கள்

"வயசாச்சு, இனிமே அப்படித்தான் இருக்கும்." எழுபது தாண்டிய ஓர் ஆணின் தொடை மெலிந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல், நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டிய நிலை வரும்போது தமிழ் வீடுகளில் சொல்லப்படும் வாக்கியம் இது. மகன் சொல்கிறார், மருமகள் சொல்கிறார், மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடம் மட்டுமே ஒதுக்க முடிகிற மருத்துவரும் சொல்லிவிடுகிறார். கடைசியில் அந்தப் பெரியவரே அதைச் சொல்லத் தொடங்குகிறார். அதோடு பேச்சு முடிந்துபோகிறது. காய்ச்சல் என்றால் காரணம் தேடுகிறோம். சர்க்கரைக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்கிறோம். தசை கரைவதற்கு மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை.

இந்த வாக்கியத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சம்தான் அதை இத்தனை காலம் கேள்வி கேட்பாரில்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. 1988-இல் சுவீடனைச் சேர்ந்த யான் லெக்செல் குழுவினர், 15 முதல் 83 வயதுக்குள் இறந்துபோன 43 ஆண்களின் தொடைத் தசையை முழுசாக எடுத்து இழை இழையாக எண்ணினார்கள். இருபத்தைந்து வயதை ஒட்டியே தேய்வு தொடங்கிவிடுகிறது என்பதும், எண்பது வயதில் தசையின் பரப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கிறது என்பதும் அதில் தெரிந்தன. அமெரிக்காவில் எழுபதுகளில் இருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 'ஹெல்த் ஏபிசி' ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தசையின் அளவு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது; காலின் வலுவோ சுமார் 3 சதவீதம் குறைகிறது. எடை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்து, "அப்பா அதே எடைதான் இருக்கார்" என்று நிம்மதி அடையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

ஆக, வயது தசையைத் தின்கிறது என்பது சரி. ஆனால் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு வேகத்தில் தின்கிறது என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே அடுக்குமாடியில் 72 வயதுக்காரர்கள் இருவர் இருந்தால், ஒருவர் மூன்று மாடி ஏறுகிறார், மற்றவர் கழிவறையிலிருந்து எழப் பிடிமானம் தேடுகிறார். இருவரும் ஒரே வயது. அப்படியென்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

முதல் பதில் அழற்சி. அடிபட்ட இடம் சிவந்து வீங்கிச் சுடுவது நமக்குத் தெரிந்த அழற்சி. சில நாளில் ஆறிவிடும். முதுமையில் வருவது வேறு வகை. சமையல் முடிந்தபின்னும் அணைக்காமல் சிம்மில் விட்ட அடுப்பைப் போல, வெளியே எதுவும் தெரியாமல் உடல் முழுவதும் மெல்ல எரிந்துகொண்டே இருப்பது. இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ பிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் இதை முதுமையின் அடையாளங்களில் ஒன்றாக முன்வைத்தார். ரத்தத்தில் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா, சிஆர்பி போன்ற அழற்சிப் பொருள்கள் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். இவை தசையில் இரண்டு வேலை செய்கின்றன. இருக்கும் புரதத்தை உடைக்கும் இயக்கத்தை முடுக்குகின்றன. சாப்பிட்ட புரதத்திலிருந்து புதுத் தசை கட்டும் வேலையை மந்தமாக்குகின்றன. செலவு கூடி வரவு குறைகிறது. ஆம்ஸ்டர்டாமில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, இன்டர்லூகின்-6 அல்லது சிஆர்பி அதிகமாக இருந்தவர்கள் மூன்றாண்டுகளில் கைப்பிடி வலுவில் 40 சதவீதத்துக்கு மேல் இழக்கும் அபாயம், மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு.

"அந்த அழற்சியும் வயதால்தானே வருகிறது?" என்று கேட்கலாம். வயதால் மட்டும் வருவதில்லை. தொப்பைக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. புகை, கட்டுக்குள் வராத சர்க்கரை, ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் விட்ட ஈறு நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் என்று இன்னும் பல உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அசையாமல் இருப்பது. "வயசாச்சு" என்ற அந்த முதல் வாக்கியத்தை அடியோடு சாய்ப்பது இந்தக் கடைசிக் காரணம்தான்.

2013-இல் லீ பிரீன் குழுவினர் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனை இது. ஆரோக்கியமான பத்து முதியவர்களிடம், இரண்டு வாரத்துக்கு நடையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். படுக்கச் சொல்லவில்லை. நாளொன்றுக்கு 1,500 அடிகளுக்குள் இருந்தால் போதும் என்றார்கள். பதினான்கே நாளில் காலின் தசை ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்தது. சாப்பிட்டபின் தசை கட்டும் வேகம் கால்வாசி சரிந்தது. ரத்தத்தில் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் சிஆர்பியும் ஏறின. அந்த இரண்டு வாரத்தில் அவர்களுக்கு வயது இரண்டு வாரம்தான் கூடியது. கால் மெலிந்ததற்கும் அழற்சி கூடியதற்கும் வயதைக் கைகாட்ட முடியாது.

இதை ஐயப்பன்தாங்கலில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அது இருக்கும் சென்னையின் மேற்குப் புறநகர், இரும்போடு புழங்கிய ஆண்களின் பகுதி. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களில் வந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் நூற்றுக்கணக்கான லேத்துப் பட்டறைகள் என்று ஷிஃப்ட்டுக்குப் போய் வந்த தலைமுறை இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறது. நாற்பது வருடம் நின்று, குனிந்து, தூக்கிய உடம்பு அவர்களுடையது. ஓய்வு பெற்றபின் என்ன ஆகிறது? பிள்ளைகள் போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் பக்கம் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். லிஃப்ட் இருக்கிறது. தண்ணீர் கேன் வாசலுக்கு வருகிறது. அரிசி மூட்டையைக் கடைப்பையன் தூக்கி வந்து வைக்கிறான். மவுன்ட் - பூந்தமல்லி சாலையிலோ மெட்ரோ ரயில் பாலப் பணியால் பல ஆண்டுகள் பள்ளமும் தடுப்பும் இருந்தன. நடைபாதை தேடித்தான் நடக்க வேண்டும். "தாத்தா, நீங்க வெளியே போக வேணாம்" என்று பேரன் சொல்வதில் அன்புதான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் நின்றால் இரண்டு வாரம் வீட்டுக்குள் முடக்கம். பிரீன் பரிசோதனையில் செய்ததை இங்கே கார்த்திகை மாதம் செய்துவிடுகிறது.

எல்லோருக்கும் ஓய்வு வாய்க்கிறது என்றும் சொல்ல முடியாது. இதே அடுக்குமாடிகளின் வாசலில் காவலாளியாக உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார்கள். வேலை செய்கிறார்கள் என்பதால் உடம்பு உழைக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர்களுடைய தொடைக்கு அந்த வேலை எதையும் தருவதில்லை.

வயதைப் பழிப்பவர்கள் அடுத்து எழுதித் தரும் மருந்து ஓய்வு. இது இன்னும் மோசம். 2007-இல் அமெரிக்காவில் கார்ட்பைன் குழுவினர், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். நோய் ஏதும் இல்லை, தேவையான அளவு புரதம் உணவில் இருந்தது. இருந்தும் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. ஒரு டெங்கு, ஒரு நிமோனியா, ஒரு குடலிறக்க அறுவை என்று மருத்துவமனைக்குப் போய்ப் பத்து நாள் படுத்துத் திரும்புகிறவருக்கு நோயின் அழற்சியும் சேர்ந்துகொள்கிறது, பசியும் இருப்பதில்லை. வீடு திரும்பியதும், "நல்லா ரெஸ்ட் எடுங்க மாமா" என்று கட்டிலைக் காட்டுகிறோம். காய்ச்சல் போய்விட்டது, கால் திரும்பவில்லை. ஆறு மாதம் கழித்துக் குளியலறையில் விழும்போது அதையும் வயதின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

போன தசை திரும்பாது என்பதுதான் இந்த வாதத்தின் கடைசிக் கோட்டை. நூறு வயதில் டொரன்டோ மாரத்தானை முடித்த ஃபௌஜா சிங்கையோ, 1952-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்று 104 வயதுவரை வாழ்ந்த மனோகர் ஐச்சையோ இதற்குப் பதிலாகக் காட்ட வேண்டியதில்லை. "அவங்க பொறப்பு அப்படி" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எனவே சாதனையாளர்களை விட்டுவிடுவோம். 1990-இல் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எடுத்துக்கொண்டார். பல நோய்கள் உள்ள, தளர்ந்துபோன சாதாரண மனிதர்கள். எட்டு வாரம், கால்களுக்கு உண்மையிலேயே கனமான எடைப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடுத்தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் வளர்ந்தது. நான்கு ஆண்டு கழித்து நூறு பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வும் இதையே உறுதி செய்தது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை என்பதையும் அது சேர்த்துச் சொன்னது. தொண்ணூறில் தசை வளர்கிறது என்றால் எழுபதில் "இனிமே அப்படித்தான்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உழைக்கும் தசை அழற்சியையும் அடக்குகிறது. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் கண்டது இது: தசை சுருங்கி விரியும்போது தானே இன்டர்லூகின்-6-ஐ ரத்தத்தில் விடுகிறது. கெடுதல் செய்யும் பட்டியலில் மேலே சொன்ன அதே பொருள்தான். ஆனால் உடற்பயிற்சியின்போது சில மணி நேரம் எழுந்து அடங்கும்போது அது அழற்சியைத் தணிக்கும் வேறு பொருள்களை அழைத்து வருகிறது, டிஎன்எஃப்-ஆல்ஃபாவை அடக்குகிறது. நாள் முழுக்கக் கசிந்துகொண்டே இருந்தால் கேடு. உழைப்பின்போது எழுந்து தணிந்தால் நன்மை. ஆகவே தசை குறையக் குறைய அழற்சியை அணைக்கும் கையும் குறைகிறது. அழற்சி கூடக் கூடத் தசை இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை எந்த இடத்தில் வெட்ட முடியும் என்று கேட்டால், நம் கைக்கு எட்டும் இடம் தசைதான்.

இங்கே படித்தவர்கள் பலர் ஒப்புக்கொண்டு, "சரி, அதுக்குத்தான் தினமும் வாக்கிங் போறேனே" என்பார்கள். நடை நல்லது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. வரவேற்க வேண்டிய முயற்சி அது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை செய்யும் உதவி பெரிது. ஆனால் முதுமையில் முதலில் கழன்றுபோவது வேக இழைகள்: தடுக்கினால் சட்டென்று காலை ஊன்றவும், நாற்காலியிலிருந்து ஒரே வீச்சில் எழவும், பேருந்தின் உயரமான படியில் உடலைத் தூக்கவும் பயன்படுபவை. சமதரையில் பேசிக்கொண்டே நடக்கும் நடை இவற்றை எழுப்புவதில்லை. சுமை கொடுத்தால்தான் அவை எழும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடைக்கு மேலதிகமாக வாரம் இரண்டு நாளாவது தசை வலுப்படுத்தும் பயிற்சியும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியும் வேண்டும் என்கிறது. 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,635 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான 'லைஃப்' ஆய்வில், நடையோடு கால் வலுப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்கள். நடமாட்டம் முடங்கும் அபாயம் 18 சதவீதம் குறைந்தது.

சுமை தூக்குவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இங்கே பிறந்து வளர்ந்தவை; ஊர் மந்தையில் இளவட்டக்கல் கிடந்த நாடு இது. ஆனால் அதையெல்லாம் இளைஞனுக்கு எழுதிவைத்துவிட்டு, பெரியவருக்குக் கோயில் பிரகாரத்தை மட்டும் விட்டுக்கொடுத்தோம். இந்தப் பங்கீடு தலைகீழ். இருபது வயதுக்காரனுக்குச் சும்மா இருந்தாலும் தசை நிற்கும். எழுபது வயதுக்காரருக்கு நிற்காது.

சாப்பாட்டைப் பற்றிய நம்பிக்கைகளும் இதே கூட்டணியில்தான் இருக்கின்றன. "வயசானவங்களுக்கு லைட்டா குடுங்க" என்று ராத்திரி இரண்டு இட்லி அல்லது ஒரு தம்ளர் கஞ்சி. ஓர் இட்லியில் இருக்கும் புரதம் சுமார் 2 கிராம். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013-இல் பன்னாட்டு நிபுணர் குழு பரிந்துரைத்தது. அறுபது கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் நான்கு இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவில் கஞ்சி என்று ஓடும் நாளில் இதில் பாதியைத் தொடுவதே கடினம். அழற்சியால் தசை கட்டும் வேலை மந்தமான உடம்புக்கு இளைஞனைவிட அதிகம் தர வேண்டியிருக்க, நாம் குறைத்துத் தருகிறோம். முட்டை ஒன்றில் 6 கிராம் உண்டு. மீன், கருவாடு, கோழி, தயிர், சுண்டல், வேர்க்கடலை, கெட்டியான பருப்பு எதுவும் எட்டாத பொருள் இல்லை. "கிட்னி போயிடும்" என்ற பயம் ஏற்கெனவே சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குப் பொருந்தும். அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில்தான் சாப்பிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களையும் அந்தப் பயத்தில் பட்டினி போடுவது அநியாயம்.

இன்னொரு பக்கம் மருந்துக் கடை நம்பிக்கை. அழற்சிதான் காரணம் என்றால் அழற்சிக்கு மாத்திரை போட்டால் ஆயிற்று என்று தோன்றும். அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டை மிஞ்சிய மருந்து குறைவு. அதே ஸ்டீராய்டை நீண்ட நாள் தின்றால் தொடைத் தசை கரையும் என்பது எந்த மருத்துவ மாணவருக்கும் தெரியும். மூட்டுவலிக்கு என்று பெயரில்லாத பொடியும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிடும் பெரியவர்களுக்கு இந்த ஆபத்து உண்மையானது. வலி மாத்திரைகளின் கதையும் குழப்பமானது. முதியவர்களுக்குப் பயிற்சியோடு சேர்த்து இபுப்ரூஃபன் கொடுத்தபோது தசை கூடுதலாக வளர்ந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. இளைஞர்களுக்கு அதிக அளவில் கொடுத்தபோது வளர்ச்சி பாதியானதாக 2018-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வு சொன்னது. முதியவரின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் இம்மாத்திரைகள் செய்யும் கேட்டில் மட்டும் குழப்பம் இல்லை. ஆண்மைச் சுரப்பு குறைவதே காரணம் என்று டெஸ்டோஸ்டீரான் ஊசி பக்கம் போகிறவர்களும் உண்டு. 65 வயதைக் கடந்த 790 ஆண்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், நடக்கும் திறனுக்கென்று தனியாக நடந்த பகுதி எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் தரும் சிகிச்சை வேறு விஷயம். கால் வலுவுக்குக் குறுக்குவழியாக அதை நம்புவதற்குச் சான்று இல்லை.

இந்தியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், 2004-இல் தன்னையும் தன் ஆங்கிலேய நண்பர் ஜான் யட்கினையும் வைத்தே இதைக் காட்டினார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரியும் நம் உடம்பு தொடக்கத்திலிருந்தே தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கிறது. முதுமையில் இது தொப்பையும் குச்சிக் காலுமாக முற்றுகிறது. அழற்சியைச் சுரக்கும் கொழுப்பு நடுவில், அதை அணைக்க வேண்டிய தசை காலில் இல்லை. தொப்பையைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்வதைப் போல ஏமாற்றும் பேச்சு வேறில்லை.

கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுகளில் இரண்டு வீட்டுக் கூடத்திலேயே பார்க்கக்கூடியவை. கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கருவி வைத்து அளக்கும் கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்குக் குறைந்தால் அதுவும் எச்சரிக்கை. கைப்பிடியை அற்பமாக எண்ண வேண்டாம். இந்தியா உள்பட 17 நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரைத் தொடர்ந்து 2015-இல் முடிவு வெளியிட்ட 'ப்யூர்' ஆய்வில், கைப்பிடி வலு 5 கிலோ குறைவதற்கு இணையாக இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. மரணத்தை முன்கூட்டிக் காட்டுவதில் ரத்த அழுத்தத்தைவிட அது துல்லியமாக இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி தெருவுக்குத் தெரு இருக்கிறது. கைப்பிடி அளக்கும் கருவியைப் பெரும்பாலான கிளினிக்குகளில் பார்க்க முடியாது.

"ஏதாவது ஆயிட்டா?" என்ற அச்சம் நியாயமானது. நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், அண்மையில் அறுவை, குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளலாம். மாடிப்படியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கலாம். எளிதானதும் சுமையைக் கூட்ட வேண்டும். ஜிம் கட்டணம் எதற்கும் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் அடித்தளம் உண்டு. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு முதன்முதலாகத் தனிப் புறநோயாளிப் பிரிவு 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது. மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கில் 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதத்தோடு கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை மருத்துவரும் அத்திட்டத்தில் இருக்கிறார். 2016 முதல் சென்னையில் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவசப் பேருந்து டோக்கன் கிடைக்கிறது. ஐயப்பன்தாங்கல் பணிமனையில் நிற்கும் பேருந்தின் படியேற முடியாதவருக்கு அந்த டோக்கனால் என்ன பயன்?

மாத்திரை கொடுக்க வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர் கையில் ஓர் அளவு நாடாவும் கைப்பிடிக் கருவியும் இருக்கட்டும். அறுபது கடந்த ஒவ்வோர் ஆணும் பெண்ணும் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்பது, ரத்த அழுத்தத்துக்கு அடுத்த வரியில், அதே அட்டையில் எழுதப்படட்டும். தேறாதவர்களை இயன்முறை மருத்துவரிடம் அனுப்பட்டும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். சுகாதாரத் துறையின் ஓர் உத்தரவு போதும். அது வரும்வரை, இதைப் படிக்கிறவர் இன்று மாலையே தன் அப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொல்லி நொடிகளை எண்ணிப் பார்க்கட்டும்.